அந்த வரி மடித்து வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பாரசீக வாள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பத்தியிலேயே மனம் விட்டுப்போயிற்று. இரும்பையும் எஃகையும் நூறு முறை மடித்து அடித்ததால்தான் ஷம்ஷீர் என்னும் அந்த வளைந்த வாளில் நீரலை போன்ற வரிகள் வந்தன என்று எழுதியிருக்கிறீர்கள்.

இல்லை ஐயா. மூசை என்ற மண்குடுவையில் உருக்கி மெல்ல ஆறவிட்ட ஒரே கட்டி எஃகு அது. கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம். அந்தக் கார்பனில் ஒரு பகுதி இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான துகளாகிறது. அளவான சூட்டில் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கும்போது துகள்கள் வரிசை பிடிக்கின்றன. அதுதான் அந்த வரி. வனேடியம் லட்சத்தில் நான்கு பங்கு இருந்தாலே இது நடக்கும் என்று வெர்ஹூவன், பென்ட்ரே, டவுக்ஷ் ஆகியோர் 1998இல் எழுதினார்கள். பென்ட்ரே கத்தி அடித்துவந்த கொல்லர். தானே அடித்துக் காட்டியவர்.

ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் எஃகுத் துண்டுகளைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன் நான். மெருகேற்றிய துண்டு கண்ணாடி மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. நைட்டலில், அதாவது ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தில், நனைத்தால் சில நொடியில் முகம் மங்கும். சிமென்டைட் மட்டும் வெள்ளையாக நிற்கும். பாரசீகத்திலும் இரும்பு சல்பேட் உள்ள கனிம உப்பைக் கரைத்துப் பூசித்தான் வரியை எழுப்பினார்கள். கார்பன் மிகுந்த கட்டியை ஒருமுறை எங்கள் ஆலையில் சூடு கூடிப்போன நிலையில் சம்மட்டிக்குக் கொடுத்தார்கள். முதல் அடியிலேயே வெல்லக்கட்டி மாதிரி உதிர்ந்தது. வெப்பமானி இல்லாமல், நெருப்பின் நிறத்தை மட்டும் பார்த்து அதே போன்ற எஃகை வாளாக இழுத்தவருடைய கையை நினைத்துப் பாருங்கள்.

ஆறு மாதம் முன்பு உங்கள் சிறுவர் பகுதியில், வாளை அடிமையின் உடலில் செருகிக் குளிரவைத்தார்கள் என்ற கதையை வரலாறாகவே போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. இப்போது கட்டுரைக்கு வைத்திருக்கும் படம்கூட அடுக்கெஃகில் செய்த சமையல் கத்தி.

அப்புறம், பாரசீக வாள் எல்லாமே தமிழ்நாட்டு எஃகு என்று நீங்கள் எழுதிய வாக்கியம். பழங்காலத்தில் எஃகு உருக்கிய நம் கொடுமணலைப் பார்த்து எனக்கும் பெருமை உண்டு. கோல்கொண்டா எஃகு பாரசீகம் போனதை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பயணி தாவர்னியே எழுதியிருக்கிறார். ஆனால் ஈரானின் சாஹக்கில் 11, 12ஆம் நூற்றாண்டிலேயே மூசை எஃகு உருக்கினார்கள், அதுவும் குரோமியம் கலந்து. 2020இல் ஆய்வு வெளியானது. எஃகு எங்கிருந்து போயிருந்தாலும், வாளின் குறுக்கே பள்ளம் வெட்டி, அடித்துச் சமன் செய்து, ஏணிப்படி போல வரியை வரவழைத்தது அங்குள்ள கொல்லரின் கை. இஸ்ஃபகான் நகர வாள்கொல்லர் அசதுல்லாவின் பெயர் பொறித்த வாள்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லையே?

நீங்கள் அறியாதது அல்ல. அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், இணையப் பதிப்பிலிருந்து அந்தச் சமையல் கத்திப் படத்தையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகச் சோதனையாளர், ஓசூர்