மெட்ரோபோலிஸ்: எந்தப் பிரதியைப் பார்த்தார்கள்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் ஊமைப்படத்தை நீங்கள் திரையிட்ட அன்று பாதிப் பேர் கண்கொட்டாமல் பார்த்தார்கள் என்றும், மீதிப் பேர் "நகரம் பிரமாதம், கதைதான் ஒன்றுக்கும் உதவாது" என்று சலித்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்லுமுன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்று ஓடியது எத்தனை நிமிடம்?

1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் ஊஃபா பலாஸ்ட் அம் ஸூ திரையரங்கில் முதன்முதலாகக் காட்டிய படத்தின் நீளம் 4189 மீட்டர். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட்டினால் அது 153 நிமிடம் வரும், 20 ஃபிரேமில் ஓட்டினால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அந்த முழு நீளத்துக்கு ஆயுள் சில மாதம்தான். அமெரிக்காவில் வெளியிட்ட பாரமவுன்ட் நிறுவனம் சானிங் போலக் என்ற நாடகாசிரியரைக் கொண்டு படத்தை வெட்டிச் சுருக்கி, வசனமும் விளக்கமும் வரும் டைட்டில் கார்டுகளையும் மாற்றி எழுத வைத்தது. ஆகஸ்டில் ஜெர்மனியிலும், படத்தைத் தயாரித்த ஊஃபா நிறுவனம் 3241 மீட்டராகக் குறைத்துத்தான் மறுபடி வெளியிட்டது. ஏறக்குறைய கால்வாசிப் படம் காணாமல் போயிற்று.

வெட்டியது எதை என்று பார். கண்டுபிடிப்பாளன் ராட்வாங்கும் நகரத்தின் அதிபதி ஃப்ரெடர்சனும் ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். அவள் பெயர் ஹெல். ஃப்ரெடர்சனை மணந்து, மகன் ஃப்ரெடரைப் பெற்றெடுத்தபோதே இறந்துவிட்டாள். அவளை மறுபடி உண்டாக்கத்தான் ராட்வாங் அந்த இயந்திர மனுஷியைச் செய்கிறான். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நரகம் என்று ஒலிக்கிறது என்பதால் ஹெல் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவள் போனதும் ராட்வாங்கின் வஞ்சத்துக்குக் காரணமே இல்லை. அவன் வெறும் பைத்தியக்கார விஞ்ஞானி ஆகிவிட்டான். ஃப்ரெடரோடு உடை மாற்றிக்கொண்டு யோஷிவாரா கேளிக்கை விடுதிக்குப் போய்விடும் தொழிலாளி 11811, ஃப்ரெடர்சனின் ஒற்றனான ஒல்லி மனிதன், அவனிடம் மாட்டிக்கொள்ளும், ஃப்ரெடர்சன் வேலையை விட்டு நீக்கிய உதவியாளன் யோசபாத் ஆகிய மூவரின் கதைகளும் துண்டு துண்டாயின. எண்பது வருடம் உலகம் பார்த்தது இந்த மூளிப் பிரதியின் வழித்தோன்றல்களைத்தான். "யார் எதற்காக என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை" என்று சொன்ன பார்வையாளர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

வியந்து பார்த்தவர்களுக்கு அந்த நகரம் எப்படி எழுந்தது என்று விவரமாகச் சொல். கம்ப்யூட்டர் வேலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது 'அந்தக் காலத்து ஜிகினா'வாகத் தெரியலாம். செய்முறை தெரிந்துவிட்டால் அப்படிப் பார்க்க முடியாது.

பணக்காரப் பிள்ளைகள் ஓடி விளையாடும் அந்த மைதானத்தை எடுத்துக்கொள். அதன் பிரம்மாண்டமான மதில் முழுவதையும் கட்டவில்லை. தந்திரக் காட்சி நிபுணர் ஓய்கன் ஷுஃப்டான் கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து நிறுத்தினார். பக்கவாட்டில் சிறிய மாதிரிக் கட்டடம். அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து கேமராவுக்குள் போகும். நடிகர்கள் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஓட்டை வழியே, தூரத்தில் ஆளுயரத்துக்குக் கட்டிய செட்டும் மனிதர்களும் தெரிவார்கள். இரண்டும் ஒரே நெகடிவில், ஒரே நேரத்தில் பதிவாகும். பிறகு ஒட்டும் வேலையே கிடையாது.

சொல்ல எளிது, செய்யப் போனால் ஆயிரம் தொல்லை. பிம்பத்தில் இடம் வலமாகும் என்பதால் மாதிரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் மாதிரியும் தூரத்தில் இருக்கும் ஆட்களும் ஒருங்கே கூர்மையாகத் தெரிய வேண்டுமென்றால் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, விளக்குகளைக் கூட்ட வேண்டும். இரண்டு பக்கத்திலும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து ஒரே அளவில் விழாவிட்டால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்துவிடும். சுரண்டிய விளிம்பைத் தாண்டி ஒரு நடிகர் கையை நீட்டினால் கை மறைந்துபோகும். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் மதில் ஒரு பக்கம், மைதானம் ஒரு பக்கம்.

மேம்பாலங்களில் கார்கள் ஓடும் காட்சி வேறு வகை. அது முழுக்க முழுக்க மாதிரி நகரம். குட்டிக் கார்களை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தி, ஒரு ஃபிரேம் எடுத்து, மறுபடி நகர்த்தி எடுத்தார்கள். திரையில் சில வினாடி ஓடுவதற்கு நாள் கணக்கில் உழைப்பு. பின்னால் உள்ள கட்டடங்கள் தூரத்தில் இருப்பதாகத் தோன்ற அவற்றை வேண்டுமென்றே மங்கலாக எடுத்திருந்தார்கள். கலை இயக்குநர்களில் ஒருவரான எரிஷ் கெட்டல்ஹூட் சொல்லியிருப்பதன்படி, லேபில் அதைக் குறை என்று எண்ணிப் பின்னணியை வெளுப்பாக்கிவிட்டார்கள். ஆழமே போய் எல்லாம் தட்டையாகிவிட்டது. திரும்ப முதலிலிருந்து எடுத்தார்கள். இருளும் மங்கலும் அந்தப் படத்தில் அவ்வளவு கணக்குப் போட்டு வைத்தவை. உன் புரொஜெக்டரில் பிரைட்னஸை ஏற்றி வைத்தால் அதே பிழையை நீயும் செய்கிறாய்.

இயந்திர மனுஷியைச் சுற்றி ஒளிவளையங்கள் ஏறி இறங்குவது உனக்கு மிகவும் பிடித்த இடம் என்று தெரியும். வளையங்களைக் கறுப்புப் பின்னணியில் தனியாக எடுத்து, அதே படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி மறுபடி அதன் மேலேயே பதித்தார்கள். கறுப்பு நெகடிவில் எதையும் பதிக்காது என்பதால் ஒளி மட்டும் மேலே ஏறும். கடைசிப் பதிவில் ஒரு தவறு நேர்ந்தாலும் முன்னால் எடுத்தது அத்தனையும் வீண். அந்த உலோக உடலும் உலோகம் இல்லை. நடிகை பிரிகிட்டெ ஹெல்மின் உடம்பை அச்செடுத்து, வால்டர் ஷூல்ஸெ-மிட்டன்டார்ஃப் என்ற சிற்பி மரத்தூள் பசை போன்ற ஒரு பொருளால் செய்து, மேலே பளபளப்பான பூச்சு அடித்தது.

இனி, முழுப் படத்தைப் பார்த்த பிறகும் தீராத சண்டைக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1927 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் இந்தப் படத்தைக் கிழித்து எழுதினார். இயந்திரம் பெருகினால் மூட்டை தூக்கும் ஆள் குறையத்தானே வேண்டும், தொழிலாளிகள் கையில் காசே இல்லையென்றால் உற்பத்தியாகும் பொருளை யார் வாங்குவது என்பது அவர் வாதம். பொருளாதாரமாகப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் ஃப்ரெடர் மாட்டிக்கொள்ளும் அந்த முள்வட்ட இயந்திரத்தைக் கவனித்துப் பார். ஆளுயர வட்டம், ஓரம் முழுக்க மின்விளக்குகள். எந்த விளக்கு எரிகிறதோ அங்கே கனமான முள்ளைத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். கை இரண்டும் விரிந்து சிலுவையில் அறைந்ததுபோல் தொங்குகிறான். சுவரில் இருக்கும் ஷிஃப்ட் கடிகாரத்தில் பத்து மணி நேரம்தான் உண்டு. அந்த இயந்திரம் எதைத் தயாரிக்கிறது என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. வேலை ஒரு மனிதனின் உடம்பை என்ன செய்கிறது என்பதைத்தான் லாங் காட்டுகிறார். அந்த இடத்தில் வெல்ஸின் கேள்வி படத்தைத் தொடவில்லை என்றே நினைக்கிறேன்.

ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவலின் விமர்சனம் இன்னும் நுட்பமானது. இது ஒட்டிப் பிறந்த இரண்டு படம் என்றார். ஒன்றின் காட்சிகளை மனதாரப் புகழ்ந்தார், மற்றதன் கதையைத் தள்ளினார், பழியைத் திரைக்கதை எழுதிய தேயா ஃபான் ஹார்போ மேல் போட்டார். அன்று உங்கள் அரங்கம் பிரிந்ததும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். முடிவைப் பற்றி மட்டும் சலித்துக்கொண்டவர்களோடு நான் நிற்கிறேன். தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் தூது போகிறது என்று அதிபதியும் ஃபோர்மேனும் கைகுலுக்குகிறார்கள். அதிகாரம் அதிபதியிடமே பத்திரமாக இருக்கிறது என்று திரைப்பட விமர்சகர் க்ராகவர் 1947இல் எழுதியது இன்றும் நிற்கிறது. லாங்கே பிற்காலத்தில் அந்த முடிவை ஏற்கவில்லை. எவ்வளவு நீளப் பிரதி கிடைத்தாலும் இந்தக் குறை தீராது. ரசிகர்கள் அதை மூடி மறைக்கவும் வேண்டாம்.

மறுபடி திரையிடுவதாக இருந்தால் 2010 மீட்டெடுப்பையே வாங்கு. 2008இல் போனஸ் அயர்ஸின் சினிமா அருங்காட்சியகத்தில் கிடைத்த 16 மி.மீ. நெகடிவிலிருந்து ஏறக்குறைய 25 நிமிடம் திரும்பி வந்த பதிப்பு அது. தேய்ந்த 35 மி.மீ. பிரதியைப் பார்த்து எடுத்த நகல் என்பதால் பழைய கீறல்கள் படத்தோடு சேர்ந்தே பதிவாகிவிட்டன, எவ்வளவு சுத்தம் செய்தும் முழுதாகப் போகவில்லை. படச்சட்டமும் ஓரத்தில் குறைந்து கறுப்பு விளிம்போடு வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் பிரிண்ட் மோசம் என்பார்கள். உண்மையில் மழை பெய்வதுபோல் கோடு ஓடும் இடமெல்லாம் வெட்டுப்பட்டு மீண்ட இடம். அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு பார்க்கச் சொல், எதை வெட்டினார்கள் என்று யாரும் விளக்காமலே புரியும்.

1984இல் ஜியார்ஜியோ மொரோடர் நிறமேற்றிப் பாடல் சேர்த்த பதிப்பு சுமார் 80 நிமிடம்தான். அதை விரும்புகிறவர்கள் உண்டு, ஆனால் கதையைப் பற்றி விவாதிக்க அது உதவாது. இசைக்கு, படத்தின் இசையமைப்பாளர் ஹுப்பெர்ட்ஸ் அன்றைக்கே எழுதியதைப் போடு. காட்சி வரிசையைச் சரிசெய்ததே அந்த இசைத்தாளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துத்தான். இடைவேளையை நடுவில் எங்காவது வைக்காதே. முதற்பகுதி முடிந்தது என்று படத்திலேயே கார்டு வரும், அங்கே விடு.

ஒன்று விட்டுப்போயிற்று. ராட்வாங்கும் ஃப்ரெடர்சனும் கைகலக்க, அந்தச் சமயத்தில், ராட்வாங் அடைத்து வைத்திருந்த நாயகி மரியா தப்பி ஓடும் காட்சி இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வேறு எழுத்துருவில் சுருக்கம் மட்டும் வரும். அவள் எப்படி வெளியே வந்தாள் என்று யாராவது கேட்டால் இதைச் சொல். அன்று ஓடியது எத்தனை நிமிடம் என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்