எடை சதவீதமா, கன அளவா?

ஆசிரியருக்கு,

காரைக்குடிப் பகுதியில் எபாக்ஸி பிசினுடன் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் தூள் கலந்து மின்தேக்கிப் பொருள் செய்யும் மாணவர்களின் கவனத்துக்கு.

கலவையின் மின்காப்பு மாறிலியை, அதாவது அதை இடையில் வைத்தால் மின்தேக்கியின் கொள்ளளவு எத்தனை மடங்காகும் என்ற எண்ணை, கணிக்கும் சூத்திரங்கள் எல்லாமே கன அளவு விகிதத்தைக் கேட்கின்றன. தராசு தருவதோ எடை. எபாக்ஸியின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 1.2 கிராம், தூளுக்கு 6. எடையில் 30 சதவீதம் தூள் சேர்த்தால் கன அளவில் அது 8 சதவீதம்கூட இல்லை. கணக்கு பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கிறது.

சூத்திரத் தேர்வும் முக்கியம். மாறிலி எபாக்ஸிக்கு 4, தூளுக்கு 1000, தூள் கன அளவில் 30 சதவீதம் என்று வைத்தால், கலவையின் மாறிலியை மேக்ஸ்வெல் கார்னெட் சூத்திரம் 9 என்கிறது. லிக்டெனெக்கர் சூத்திரம் 21, புரூகமன் சூத்திரம் 27 என்கின்றன. முதலாவது, தனித்தனியே சிதறிய உருண்டைத் துகள்களுக்கானது. துகள்கள் நெருங்கித் தொடும் கலவைக்கு அதை நம்பக் கூடாது.

மாறிலியை அளக்கும்போது, இறுகிய கலவையின் தட்டையான வில்லைக்கு இரு முகங்களிலும் வெள்ளிப் பசை பூசியே ஆக வேண்டும். மாறிலி 20 உள்ள 1 மி.மீ. வில்லைக்கும் அளவுக் கருவியின் உலோகத் தகட்டுக்கும் நடுவே 0.02 மி.மீ. காற்று இருந்தாலே கருவி 14 என்று காட்டும். கார்த்திகை மழையில் ஈரம் குடித்த தூள் இதற்கு நேர்மாறு. குறைந்த அதிர்வெண்ணில் மதிப்பை ஏற்றிக் காட்டும். தூளை நன்கு உலர்த்துங்கள், கலவை இறுகும் முன் வெற்றிடத்தில் குமிழ் நீக்குங்கள்.

அளந்த அதிர்வெண், வெப்பநிலை, கன அளவு விகிதம் மூன்றும் இல்லாத அறிக்கையைக் கல்லூரிகள் ஏற்கக் கூடாது.

பொருளறிவியல் ஆசிரியர்கள்,
காரைக்குடி.