கூலி வாங்கியும் போகாத கொத்தனார்

உ
காரைக்குடி

அன்பு மகனுக்கு,

அப்பச்சி எழுதுவது. நீ அனுப்பிய எண்டாஸ்கோப்பி ரிப்போர்ட்டைப் படித்தேன். 'நாள்பட்ட அழற்சி, ஹெலிகோபாக்டர் பைலோரி பாசிட்டிவ்' என்றுதான் இருக்கிறது. வயிற்றுச் சவ்வில் தங்கும் ஒரு பாக்டீரியாவின் பெயர் அது. புற்று என்று எங்கும் இல்லை. இந்தக் கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்குத்தான் வயிற்றில் புற்று வருகிறது, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. அதற்காக அசட்டையாகவும் இருக்காதே. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்று உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் வைத்துவிட்டது.

கிருமியின் நஞ்சுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய சேதம் அதை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டையால் வருவது; அந்தச் சண்டைதான் அழற்சி. வளவில் காரை பெயர்ந்தால் கொத்தனார் வருவார், சுண்ணாம்பு பூசுவார், கூலி வாங்கிக்கொண்டு போவார். ஓட்டில் ஒழுக்கு அடைபடவில்லை என்றால் பூசப் பூச உதிரும், ஆள் போகவே மாட்டார். மணலும் செங்கலும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குத் தனிக் குழாயே இழுத்துவிடுவார்.

வயிற்றுச் சவ்விலும் அதே கதைதான். கிருமியைக் கொல்ல வந்த வெள்ளணுக்கள் வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களைக் கொட்டுகின்றன. கிருமி சளிப் படலத்துக்குள் பதுங்கிக்கொள்ள, அடி பக்கத்துச் செல்லின் டிஎன்ஏ மேல் விழுகிறது. செத்ததை ஈடுகட்ட மற்ற செல்கள் அவசரமாகப் பிரியும்போது பிழையும் சேர்ந்தே நகலாகிறது. மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் வளர்ச்சிப் புரதங்களையும், புது ரத்தக்குழாய்க்கு வழி போடும் விஇஜிஎஃப்-ஐயும் சுரக்கின்றன. ஆறுகிற புண்ணுக்கு அது மருந்து. தடம் மாறிய செல்லுக்குத் தீனி. அழற்சி, சுரப்பிகள் தேய்வது, வயிற்றுச் சவ்வு குடல் சவ்வு போல மாறுவது, பிறகு செல்லின் உருவமே கெடுவது என்று படிப்படியாகப் போகும். நீ முதல் படியில் நிற்கிறாய்.

'எதிர்ப்பு சக்தி கூட்டும்' பொடி வாங்கினேன் என்றாயே, அதைத் தூக்கிப் போடு. கெட்ட செல்லைத் தேடிக் கொல்லும் டி செல்கள் நமக்கு வேண்டும்தான். சிறுநீரகம் மாற்றி, எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் புற்று கூடுதலாக வருவதே அதற்குச் சாட்சி. உனக்கோ படை குறையவில்லை, சண்டைதான் ஓயவில்லை. அழற்சி குறையட்டும் என்று நீயாக ஆஸ்பிரினும் போடாதே. இந்த வயிற்றில் ரத்தம் கசியும்.

மருந்து 14 நாள். பெரும்பாலும் நான்கு வகை தருவார்கள்: அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், இரண்டு ஆன்டிபயாட்டிக். நாலாம் நாள் வலி போனதும் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளக்கூடும். பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும், பயப்படாதே. ஆன்டிபயாட்டிக்கில் டெட்ராசைக்ளின் இருந்தால் பாலோடு வேண்டாம், நிறையத் தண்ணீர் குடி, உடனே படுக்காதே. மெட்ரோனிடசோல் இருந்தால் மது கூடவே கூடாது.

எல்லாரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். மருந்து முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று யூரியா மூச்சுச் சோதனையோ மலத்தில் ஆன்டிஜன் (கிருமியின் புரதம்) சோதனையோ செய்தாக வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரையை நிறுத்திவிடு. இல்லையென்றால் கிருமி அடங்கிக் கிடந்து பொய்யாக நெகட்டிவ் காட்டும். கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடியை ரத்தத்தில் பார்ப்பது இதற்கு ஆகாது; கிருமி போன பிறகும் வெகுநாள் பாசிட்டிவாகவே இருக்கும்.

மிளகாய்மேல் பழி போடாதே, உப்பைக் குறை. உப்பு மிகுந்த சாப்பாடு சவ்வை அரிக்கும், வயிற்றுப் புற்று அபாயத்தையும் கூட்டும். உன் ஆத்தா பார்சல் கட்டிவைத்த உப்புக்கண்டத்தை நான்தான் நிறுத்தினேன், கோபித்துக்கொள்ளாதே. புகையையும் விடு.

பயாப்ஸிக்கு, அதாவது சோதிக்க, வயிற்றுச் சவ்வில் எத்தனை துண்டு, எந்தெந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேட்டு எழுது. அடிப்பகுதியில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று என ஐந்து எடுப்பது முறை. நீ அனுப்பியதில் முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது.

அப்பச்சி