கேளுங்கள், நேரில் போய்ப் பாருங்கள்: நாடாளுமன்ற உள்துறைக் குழுவுக்கு டர்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

கேப்டவுனில் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு, அதிலும் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆவணம் இல்லாத வெளிநாட்டவரை நாடு கடத்தும் முன் அடைத்து வைக்கும், க்ரூகர்ஸ்டார்ப் பக்கத்தில் இருக்கும் லிண்டேலா தடுப்பு முகாமைப் பற்றி எழுத்து மூலம் கேள்வி கேளுங்கள். எத்தனை பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள், எத்தனை நாளாக, அவர்களில் எத்தனை பேரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நேரில் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பாருங்கள். ஒரு மாதம் முன்பே தேதி சொல்லி, அவர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகு போகாதீர்கள்.

ஒரே ஒரு எம்.பி. கேட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஹெலன் சூஸ்மன் அதே சபையில் செய்ததை எடுத்துப் படியுங்கள். 1953இல் உள்ளே போனவர் 1989 வரை 36 வருடம் ஹௌட்டன் தொகுதி உறுப்பினராக இருந்தார். 1961 தேர்தலில் ப்ரோக்ரசிவ் கட்சியில் அவர் ஒருவர்தான் ஜெயித்தார், அதற்கப்புறம் 1974 வரை 13 வருடம் அந்தக் கட்சிக்கு சபையில் வேறு ஆளே கிடையாது. அந்தக் காலத்தில்தான் இந்த நாட்டின் மிக மோசமான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1963இல் ஃபோர்ஸ்டர் நீதித்துறை அமைச்சராக இருந்தபோது, குற்றம் சாட்டாமலே ஒருவரை 90 நாள் அடைத்து வைக்கலாம், அது முடிந்ததும் மறுபடி 90 நாள், அப்புறம் இன்னொரு 90 நாள் என்று நீட்டிக்கொண்டே போகலாம் என்று ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ் தலைவர் ராபர்ட் சொபுக்வேயின் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, அவரை வெளியே விட மனமில்லை என்பதற்காக, தண்டனை முடிந்த பிறகும் ஒருவரை வைத்திருக்கலாம் என்ற பிரிவும் அதே சட்டத்தில்தான் நுழைந்தது. பிரதான எதிர்க்கட்சியான யுனைடெட் பார்ட்டி அரசாங்கத்தோடு சேர்ந்து வாக்களித்தது. எதிர்த்து வாக்களித்தவர் ஹெலன் சூஸ்மன் ஒருவர்தான். அந்த வருடம் செப்டம்பரிலேயே லுக்ஸ்மார்ட் ங்குட்லே என்பவர் 90 நாள் காவலில் இருந்தபோது செத்துப்போனார், அந்தச் சட்டத்துக்கு முதலில் பலியானவர்களில் அவர் ஒருவர். அடுத்த வருடம் போலீஸ் விசாரணையில் இருந்த சுலைமான் சலூஜி ஜோகன்னஸ்பர்க்கில் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 1967இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து காவலுக்கு நாள் கணக்கே இல்லாமல் ஆக்கியபோதும் சூஸ்மன் ஒருவர்தான் எதிர்த்தார்.

இதையெல்லாம் வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்களோடு போட்ட சண்டை என்று எங்கள் பக்கத்து ஆட்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவின் பேத்தி சாந்தி நாயுடுவை 1969இல் உள்ளே பிடித்துப் போட்டது அந்த 1967 சட்டம்தான். தனிமைச் சிறையில் வைத்து, விசாரித்து, கடைசியில் நெல்சன் மண்டேலாவின் மனைவி வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொல்லி நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சொல்ல மாட்டேன் என்றார். அதற்கும் தண்டனை கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அவர் தம்பி இந்த்ரெஸ் அப்போது அரசியல் கைதிகளை அடைத்து வைத்த ராபன் தீவில் பத்து வருடத் தண்டனையில் இருந்தார்.

தீவைப் பற்றிச் சொன்னதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். 1967இல் சூஸ்மன் ராபன் தீவுக்குப் போனார். சிறைத்துறைத் தலைவரும் தீவின் அதிகாரியும் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். தனி அறைகள் வரிசையாக இருந்த நடையில் ஒவ்வொரு கதவாக நின்று, நான் ஹெலன் சூஸ்மன், உங்களுக்கு என்ன குறை என்று கேட்டுக்கொண்டே போனார். முதலில் இருந்தவர்கள், எங்கள் எல்லாருக்காகவும் கடைசி அறையில் இருக்கும் மண்டேலா பேசுவார், அவரிடம் போங்கள் என்றார்கள். அங்கே போனார். அதிகாரிகள் காதில் விழும்படியே மண்டேலா சாப்பாடு, உடுப்பு, படிப்பு, பத்திரிகை என்று எல்லாவற்றையும் சொன்னார். கையில் நாஜி ஸ்வஸ்திகாவைப் பச்சை குத்திக்கொண்டு கைதிகளை வதைத்த ஃபான் ரென்ஸ்பர்க் என்ற காவலரைப் பற்றியும் சொன்னார். அந்த ஆளைத் தீவிலிருந்து மாற்றினார்கள். ஒரு எம்.பி. வந்து பார்த்துவிட்டுப் போனதில், கல் குவாரியில் தினமும் அடி வாங்கிக்கொண்டிருந்தவர்களின் தலையிலிருந்து ஒருவனாவது இறங்கினான். அவருக்குச் சபையில் பெரும்பான்மை இல்லை, ஒரு சட்டத்தைக்கூடத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சபையில் எழுந்து அமைச்சரைக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது, அதை அவர் வீணாக்கவில்லை.

கேள்விதான் அவருடைய பெரிய ஆயுதம். கறுப்பர்கள் எப்போதும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்கவேண்டும் என்ற பாஸ் சட்டத்தில் வருடத்துக்கு எத்தனை பேரைப் பிடித்தீர்கள், எத்தனை பேருக்குச் சவுக்கடி கொடுத்தீர்கள், விசாரணை இல்லாமல் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், இன வகைப்பாட்டில் எத்தனை பேரை ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு மாற்றி எழுதினீர்கள், இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் எந்த இனத்தில் எத்தனை குடும்பங்களைக் கிளப்பினீர்கள் என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன பதில் சபைக் குறிப்பில் ஏறிவிட்டால் பத்திரிகைகள் பயப்படாமல் அச்சடிக்கலாம். எங்கள் அப்பா அம்மா டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் இருந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், கோயில், கடை எல்லாவற்றையும் விட்டுச் சாட்ஸ்வர்த்துக்குக் கிளம்பச் சொன்னபோது அவர்களைப் போன்றவர்கள் எத்தனை ஆயிரம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை அரசாங்கத்தின் வாயாலேயே சொல்ல வைத்தது இந்த மாதிரிக் கேள்விகள்தான். உன் கேள்விகள் வெளிநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு அவமானம் என்று ஓர் அமைச்சர் சத்தம் போட்டபோது, அவமானம் என் கேள்வியில் இல்லை, உங்கள் பதிலில் இருக்கிறது என்று அவர் திருப்பிக் கொடுத்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அவரைச் சாமி ஆக்கிக் கும்பிட நான் வரவில்லை. எங்கள் ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் அவருக்கு ஓட்டுப்போட உரிமை கிடையாது. படிப்பும் வசதியும் இருப்பவர்களுக்குத்தான் ஓட்டு என்ற கொள்கையை அவர் கட்சி 1978 வரை விடவில்லை. பல இனத்தவர் ஒரே கட்சியில் இருக்கக்கூடாது என்று 1968இல் சட்டம் வந்தபோது லிபரல் கட்சி கலைந்தே போனது, ப்ரோக்ரசிவ் கட்சியோ வெள்ளையர் அல்லாத உறுப்பினர்களை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. அது தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்யமுடியுமோ அதைச் செய்தார். நீங்களோ எல்லாரும் ஓட்டுப்போட்டு உட்கார வைத்தவர்கள், பின்னால் ஓர் அரசியலமைப்புச் சட்டமே நிற்கிறது.

சரி, லிண்டேலா விஷயத்துக்கு வருகிறேன். குடியேற்றச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் ஒருவரை ஓர் அதிகாரி 30 நாள் அடைத்து வைக்கலாம், நீதிமன்றம் அதை இன்னொரு 90 நாள் நீட்டலாம், அந்த ஆளை நீதிபதி கண்ணால் பார்க்காமலே காகிதத்தில் முடிந்துவிடும் என்றிருந்தது. மறுபடியும் அந்த 90தான். 2017 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் இது செல்லாது, 48 மணி நேரத்துக்குள் ஆளை நேரில் நிறுத்தவேண்டும் என்று தீர்ப்புக் கொடுத்து, சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு இரண்டு வருடம் அவகாசமும் கொடுத்தது. 2019 வந்தது, போனது. நீங்கள் இருக்கும் இதே சபை திருத்தவில்லை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் மறுபடி உட்கார்ந்து, அமைச்சரும் தலைமை இயக்குநரும் வழக்குச் செலவில் ஒரு பகுதியைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டும் என்று உத்தரவு போடுகிற அளவுக்குப் போயிற்று. இடையில் அந்த ஆறு வருடத்தில் குழுவில் இருந்த எதிர்க்கட்சிக்காரர்கள் வாரம் தவறாமல் இந்தத் திருத்தம் எங்கே என்று கேட்டிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

உள்ளே இருப்பவர்கள் ஜிம்பாப்வேக்காரர்கள், மொசாம்பிக்காரர்கள், மலாவிக்காரர்கள், நமக்கென்ன என்று எங்கள் ஊரிலேயே பேசுகிறார்கள், உங்களுக்கும் அதில் ஓட்டு இல்லை என்பது தெரியும். ஆனால் ஆவணம் இல்லை என்று பிடித்துப் போடுவதை எங்கள் முன்னோர்கள் நன்றாகவே அறிவார்கள். காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்ததற்காக நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த நாராயணசாமியைக் கரையில் இறங்க விடாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழித்து, 1910 அக்டோபரில் டெலகோவா பேயில் (இன்றைய மாபுடோ) அவர் உயிர் போனது. அதே போராட்டத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டிய வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் செத்துப்போனாள், அப்போது அவளுக்கு 16 வயது. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றாலும் நேட்டாலில் இருந்த இந்தியர்கள் பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது, அது 1975இல்தான் போயிற்று.

இது வெளிநாட்டவர் விஷயம் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். இந்த நாட்டுக்காரர்கள் பல இலட்சம் பேரின் அடையாள எண்ணை எந்த அறிவிப்பும் இல்லாமல் உள்துறை (ஹோம் அஃபேர்ஸ்) முடக்கி வைத்தது. வங்கிக் கணக்கு போயிற்று, உதவித்தொகை நின்றது, அப்பாவின் எண் முடங்கியதால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம்தான் அது செல்லாது என்றது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் தங்களுக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை இழந்த விஷயத்தை டி.ஏ. (டெமாக்ரடிக் அலையன்ஸ் கட்சி) எதிர்க்கட்சியாக இருந்தபோது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது, 2025 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. லண்டனிலும் மெல்பர்னிலும் பிள்ளைகள் இருக்கும் டர்பன் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். எதிர்க்கட்சி உட்கார்ந்து வேலை பார்த்தால் நடக்கும் என்பதற்கு அதுவே போதும். ஆனால் லிண்டேலாவில் இருப்பவர்களிடம் வழக்குப் போடக் காசும் இல்லை, அவர்களுக்கு ஓட்டும் இல்லை. அவர்களுக்காகச் சபையில் கேட்க உங்களை விட்டால் யார்?

அடுத்த கூட்டத்தொடரில் வரும் கேள்விப் பட்டியலை நான் வரி வரியாகப் படிப்பேன். முடங்கிய அடையாள எண்களில் இன்னும் எத்தனை திறக்கப்படவில்லை, லிண்டேலாவில் யார் யார் எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளாவது அதில் உங்களில் ஒருவர் பெயரில் இருக்கவேண்டும். இல்லையென்றால் மறுபடி எழுதுவேன், அப்போது குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் போட்டு எழுதுவேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாக்காளர்