வெள்ளிக்கிழமை நான் போட்டிருந்த சட்டை பற்றி

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை காலை வெள்ளவத்தையில், செம்மஞ்சளும் பச்சையும் ஊதாவுமான கம்பளிச் சட்டையோடு, தலையில் தொப்பியின் இரண்டு காதுகள் தொங்க, 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நின்றவர் நான்தான். அலுவலகத்துக்கு அழைத்து "அதிபருக்குச் சுகமில்லையா?" என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. நல்ல சுகம். வியர்வைதான் கொஞ்சம் அதிகம்.

இந்தத் தவணை தரம் 8 பிள்ளைகளுக்குப் புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு நூல் பின்னல் பழக்குகிறோம். மூன்றாம் வாரம் ஒரு வீட்டிலிருந்து குறிப்பு வந்தது: இது பெண்பிள்ளைகளின் வேலை, மகனுக்கு வேண்டாம். அடுத்த புதன் ஆறு பையன்களைக் காணவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்டில் சிரிக்கிறார்கள், சேர்" என்றான் ஒருவன். அந்த வேகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன்: நீங்கள் எதைப் பின்னித் தந்தாலும் ஒருநாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு ஊரில் திரிகிறேன், சிரிப்பவர்கள் முதலில் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். 'எதை' என்ற சொல்லைப் பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சட்டையின் வலக்கை 24 அங்குலம். இடக்கை 24 சென்ரிமீற்றர், அதாவது முழங்கையோடு சரி. அளவு நாடாவின் இரண்டு பக்கங்களையும் இரண்டு குழுக்கள் ஆளுக்கொன்றாகப் பார்த்ததன் விளைவு. அலகு எழுதாத விடைக்கு ஏன் புள்ளி தருவதில்லை என்று இனி எங்கள் கணித ஆசிரியர் விளக்கத் தேவையில்லை. நெஞ்சில் இருப்பதைக் கத்தரிக்காய் என்று நினைத்துப் பாராட்டினேன். யானையாம்.

ஆட்டு மயிரில் நெய்த உண்மையான கம்பளி, தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புறக்கோட்டையில் நாங்கள் மலிவாக வாங்கியது அக்ரிலிக் நூல். அது அநேகமாக எதையும் உறிஞ்சாது. பம்பலப்பிட்டி தாண்டும்போதே எனக்கு அது விளங்கிவிட்டது. நடத்துனர் மிச்சக் காசைத் தந்துவிட்டு, "மாத்தயா, நுவரெலியா பஸ் இது இல்லை" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது, நானும்தான். மாலையில் அதே கோலத்தில் சந்தைக்குப் போனேன். மீன்காரர் விலை குறைக்கவில்லை. ஆனால் யார் பின்னியது என்று கேட்டார். பையன்களும் சேர்ந்து பின்னியது என்றதும் சட்டையின் ஓரத்தைப் புரட்டிக் கண்ணிகளைப் பார்த்தார். தன் அப்பா வலை பின்னுவதைப் பார்த்தே வளர்ந்தாராம். அன்று கேட்டவற்றில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

குறிப்பு அனுப்பியவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியின் டக்கீலே தீவில் பின்னுவது ஆண்கள். சிறு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரில் பாய்வதற்குத் தங்கம் வென்ற டொம் டேலி, பார்வையாளர் இருக்கையில் ஊசியும் நூலுமாக இருந்ததைப் பையன்கள் எனக்கே காட்டினார்கள்.

ஆறு பேரில் நால்வர் திரும்பி வந்துவிட்டார்கள். மற்ற இருவரையும் இந்தப் புதன் அனுப்புங்கள். வீட்டில் மிச்ச நூல் கிடந்தால் கொடுத்துவிடுங்கள், நிறம் எதுவும் பரவாயில்லை. இடக்கையை நீட்ட இன்னும் 37 சென்ரிமீற்றர் பின்ன வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அதிபர்