ஆளுநர் வைல்டரின் வெற்றி: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஆளுநர் தேர்தல்கள் குறித்த தங்கள் கட்டுரையில், வர்ஜீனியாவின் டக்ளஸ் வைல்டர் அந்நாட்டின் முதல் கறுப்பின ஆளுநர் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின ஆளுநர் என்பதே சரி. லூசியானாவில் 1872 டிசம்பரில், ஆளுநர் மீது பதவி நீக்க நடவடிக்கை தொடங்கியதால், பிஞ்ச்பேக் என்ற கறுப்பினத்தவர் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் அப்பொறுப்பை வகித்திருக்கிறார். (அங்கு ஆளுநர் என்பவர் நம் நாட்டைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர், நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர்.)

இத்திருத்தத்தால் வைல்டரின் பெருமை சற்றும் குறையாது. அடிமைகளின் பேரனான அவர், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் தலைநகராக விளங்கிய ரிச்மண்டில் பிறந்து, அதே நகரில் 1990 ஜனவரியில் ஆளுநராகப் பதவியேற்றார். 1989 நவம்பர் 7 அன்று பதிவான ஏறத்தாழ 18 லட்சம் வாக்குகளில், குடியரசுக் கட்சியின் மார்ஷல் கோல்மனை அவர் முந்தியது ஏழாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான்; மறு எண்ணிக்கைக்குப் பின்னரே முடிவு உறுதியானது. கருத்துக்கணிப்புகளோ அவருக்கு எளிதான வெற்றியைக் கணித்திருந்தன. கேட்டவரிடம் ஒன்று சொல்லி, வாக்குச் சாவடியில் வேறொன்று செய்த வெள்ளையினத்தவர் சிலர் இருந்ததே இந்த இடைவெளிக்குக் காரணம் என்று பலர் விளக்கினர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. கட்டுரை இதைத் தொடாமல் போனது பெருங்குறை. வர்ஜீனியாவில் ஆளுநர் தொடர்ந்து இரண்டாம் முறை போட்டியிட முடியாது என்பதால், 1994-இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த கறுப்பின ஆளுநரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க, மாசசூசெட்ஸில் 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை