தக்கை மரம் பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, தோலை உரித்துவிட்டது போல நிற்கிறதே, அது என்ன மரம் என்று கேட்டீர்கள். பேச்சில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அது கார்க் ஓக். இங்கே சொப்ரெய்ரோ என்பார்கள். பாட்டில் மூடும் தக்கை இதன் பட்டைதான். போர்ச்சுகலின் தெற்கே, நான் இருக்கும் அலென்தேஜோவில் எங்கு பார்த்தாலும் இந்த மரம்தான். அடர்ந்த காடு இல்லை. இடம் விட்டு விட்டு மரம், நடுவே புல், புல்லில் ஆடு மாடு. உலகத்துத் தக்கையில் பாதியளவு இந்தச் சின்ன நாட்டிலிருந்துதான் போகிறது.

கோடையில் பட்டை உரிப்பார்கள். அப்போதுதான் மரம் உள்ளே துடிப்பாக வளரும், பட்டையும் எளிதில் கழன்று வரும். நான் வேலை பார்க்கும் ராஸ்பெரி பழக் கூடாரத்தில் வேலை இல்லாத நாட்களில் பட்டையை டிராக்டரில் ஏற்றப் போனேன். பெரிய மரமென்றால் கோடாலிக்காரர் இருவர். மேலிருந்து கீழாக ஒரே கோடாக வெட்டுவார்கள்; பிறகு கோடாலி முனையைச் செருகி ஒரு திருகு. பட்டை முழுப் பலகையாகப் பெயர்ந்து வரும். வெட்டு கொஞ்சம் ஆழமாகி உள்தோலில் பட்டால் மரத்துக்குக் காயம். அதனால் கைதேர்ந்தவர்களிடம்தான் கோடாலியைத் தருவார்கள். பண்ணை வேலையில் அவர்களுக்குத்தான் நல்ல கூலி.

உரித்த மரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஓர் எண் எழுதுவார்கள். 4 என்றால் 2024இல் உரித்தது. இனி 2033இல்தான் தொடலாம். 9 வருட இடைவெளி சட்டமே. முதல் தடவை உரிக்கவே மரத்துக்கு 25 வயதாவது ஆகவேண்டும். அந்தப் பட்டை கரடுமுரடு, பாட்டிலுக்கு ஆகாது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாம் உரிப்பில்தான் நல்ல தக்கை. கன்று வைத்தவர் நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், அப்பா! சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 2011இல் இதைத் தேசிய மரமாகவே அறிவித்துவிட்டார்கள். நம் பக்கம் சாலைக்காகச் சாய்த்த புளியமரங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இங்கே குளிர்காலத்தில்தான் மழை. கோடை முழுக்க வறட்சி. ஆனாலும் மரம் பச்சையாகவே நிற்கிறது. இலை சின்னது, தடிப்பு, ஓரத்தில் முள் மாதிரி பல். திருப்பித் தடவினால் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம். ஈரம் சீக்கிரம் போகாமல் காப்பது அதுதான். வேரும் ஆழமாக இறங்குகிறது. சுண்ணாம்பு மண் பிடிக்காது, மணல் கலந்த புளிப்பு மண் வேண்டும். காட்டுத்தீ வந்தாலும் தடித்த பட்டை உள்ளே சூடு போகாமல் காக்கும். கருகிய கிளையிலேயே மறுபடி துளிர்க்கும். உரித்த புதிதில் தீ வந்தால்தான் தாங்காது.

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? வைத்தியத்துக்குப் பணம் இந்த வாரமே அனுப்புகிறேன். அவரைக் காக்க வைக்காமல் கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்